‘அந்த நாள்’: ஒரு படமும் ஓர் அக்டோபர் மாதமும்

நம் காலனியில் நான்கு தமிழர் ஒன்றுகூடினால், ஊர்ப் பேச்சு முடிந்தவுடன் சினிமாப் பேச்சு தொடங்கிவிடும். சினிமாப் பேச்சு என்றால் பெரும்பாலும் அது பாட்டுப் பேச்சுதான். இன்ன படத்தில் இன்ன பாட்டு, பாடியவர் இன்னார், ராகம் இன்னது என்று பெரியவர்கள் தர்க்கம் செய்ய, பிள்ளைகள் வாய்திறந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். தமிழ் மண்ணை விட்டு வெகுதூரம் வந்து வாழ்கிறவர்களுக்கு, தாய்மொழியைப் பிள்ளைகளின் காதில் போட்டுவைக்கப் பாட்டைவிட எளிய வழி இல்லை என்பதும் உண்மையே. ஆயினும் இவ்வாண்டு மலருக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது, ஒரு பாட்டுக்கூட இல்லாத ஒரு தமிழ்ப் படத்தை. 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி வெளிவந்த ‘அந்த நாள்’ என்னும் ஏ.வி.எம். படமே அது.

பாட்டில்லாத படத்தை எதற்காக எடுத்துக்கொண்டீர் என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் இரண்டு. ஒரு மர்மக் கதை, காண்போரைத் தொடக்கமுதல் இறுதிவரை எவ்வாறு பிடித்து உட்கார வைக்கிறது என்பதைத் தமிழிலேயே காட்டிய முதல்தரமான படம் இது, அது ஒன்று. அந்தக் கதைக்குப் பின்னால் 1943-ஆம் ஆண்டுச் சென்னை நிற்கிறது, அந்தச் சென்னையைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வார் இன்று அருகிவிட்டனர், இது மற்றொன்று.

மர்மப் படத்தின் முடிவை முன்கூட்டிச் சொல்வது, பந்தியில் இலை போட்டவுடன் பாயசத்தை ஊற்றுவது போன்ற பிழை என்பதை நான் அறிவேன். ஆனால் முடிவைச் சொல்லாமல் இக்கட்டுரையின் பின்பகுதியை எழுத இயலாது. படம் வந்து 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இன்னும் பாராத அன்பர்கள் இவ்விடத்தில் மலரை மூடிவைத்து, படத்தைப் பார்த்த பின்னர்த் தொடர்வார்களாக.

படத்தை இயக்கியவர் எஸ். பாலசந்தர். வீணை வித்துவான் என்று உலகம் கொண்டாடிய அதே பாலசந்தர்தான். 1927-இல் பிறந்த அவர், 1934-இல் வந்த ‘சீதா கல்யாணம்’ படத்திலேயே சிறுவனாகத் தோன்றியவர். பின்னர் ‘என் கணவர்’, ‘கைதி’ முதலிய படங்களை இயக்கினார். நம் நாட்டில் முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடைபெற்றது 1952-ஆம் ஆண்டில். ஜப்பானிய மேதை அகிரா குரோசாவாவின் ‘ரஷோமான்’ என்ற படத்தைப் பாலசந்தர் ஒரு திரைப்பட விழாவிலே கண்டார். ஒரு கொலை, அதைப் பற்றிப் பலர் சொல்லும் பல கதைகள் என்ற அந்த அமைப்பு அவர் மனத்தைக் கவ்விக்கொண்டது. அதே பாணியில் அவர் ஒரு நாடகம் எழுதி வானொலிக்குக் கொடுத்தார், அது ஏற்கப்படவில்லை. பிறகு ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் கதையைச் சொன்னார். பாட்டும் இல்லை, நடனமும் இல்லை, சண்டையும் இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்த ஓர் இளைஞனுக்கு, அந்நாளில் ஒரு முதலாளி பணம் போட்டார் என்பதே ஒரு வியப்பு. திரைக்கதைக்கும் வசனத்துக்கும் துணை நின்றவர் ஜாவர் சீதாராமன். ‘ஏழை படும் பாடு’ (1950) படத்தில் ஜாவர் என்னும் போலீஸ் அதிகாரியாக நடித்து, அந்தப் பெயரையே தம் பெயருக்கு முன்னால் பெற்றவர் அவர். ‘அந்த நாள்’ படத்திலும் துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக அவரே வருகிறார்.

கதாநாயகன் ராஜன் வேடத்துக்கு முதலில் வேறு நடிகர்களை வைத்துப் படம் பிடித்தார்கள்; நிறைவு ஏற்படவில்லை. அவர்களுள் ஒருவர் கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என். விஸ்வநாதன். பிற்காலத்தில் ‘கல்கத்தா விஸ்வநாதன்’ என்றே அறியப்பட்ட இவர், சத்யஜித் ரேயின் ‘காஞ்சன்ஜங்கா’ (1962) படத்தில் நடித்துப் பெயர் பெற்றார். நம்மைப் போல் வெளி மாநிலத்தில் வாழ்ந்த ஒரு தமிழர் கைவிட்டுப்போன அந்த வேடம், இறுதியில் சிவாஜி கணேசனிடம் சென்றது. ‘பராசக்தி’ வெளிவந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை.

இனிக் கதைக்கு வருவோம். படம் தொடங்கியவுடனே ஒரு துப்பாக்கி ஓசை. ராஜன் என்னும் வானொலிப் பொறியாளர் தம் வீட்டிலேயே சுடப்பட்டு விழுகிறார். வந்திருப்பது சிவாஜி கணேசன். டிக்கட் வாங்கியவர்கள் வந்ததும் அவரைக் காண்பதற்கே. அவரை முதற்காட்சியிலேயே பிணமாகக் கிடத்திவிட்டார் இயக்குநர்! நாயகன் பிழைப்பானா, மாட்டானா என்று கடைசிவரை ஏங்கவைப்பதே மற்றப் படங்களின் வழக்கம். இங்கோ அந்த ஏக்கத்துக்கு இடமே இல்லை. அதற்குப் பதிலாக, ‘இந்த மனிதன் யார்? இவனை ஏன் ஒருவர் கொல்ல வேண்டும்?’ என்ற வேறொரு கேள்வி நம் மடியில் வந்து விழுகிறது.

அடுத்த வீட்டுக்காரர் சின்னையா ஓசையைக் கேட்டுப் போலீசுக்குத் தகவல் கொடுக்கிறார். இன்ஸ்பெக்டர் நாயுடு வருகிறார்; துப்பறியும் அதிகாரி சிவானந்தமும் சேர்ந்துகொள்கிறார். இரத்தக்கறை படிந்த நோட்டுகள் அகப்படுகின்றன. எண்களை ஒத்துப் பார்த்ததில் அவை ராஜன் பாங்கியிலிருந்து எடுத்த பணம் என்று தெரிகிறது. பணத்துக்காக நடந்த கொலை என்று நாயுடு முடிவு கட்டுகிறார். சிவானந்தத்துக்கு அது ஒப்பவில்லை. இந்த இருவரும் காண்போர் மனத்தின் இரு பாதிகள் என்று சொல்லலாம். ஒரு பாதி கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு முடிவுக்கு ஓடுகிறது. மறுபாதி ‘சற்றுப் பொறு’ என்கிறது.

விசாரணை ஆரம்பமாகிறது. கணவனை இழந்த உஷா பேசும் நிலையில் இல்லை. அவளுக்குச் சிறிது நேரம் கொடுத்துவிட்டு மற்றவர்களை விசாரிக்கிறார்கள். சின்னையா, ராஜனின் தம்பி பட்டாபியின் மேல் ஐயத்தைத் திருப்புகிறார். சொத்துப் பங்கு காரணமாக அண்ணன் தம்பி சண்டை இட்டதைத் தாம் கண்டதாகச் சொல்கிறார். பட்டாபி, தன் மனைவி ஹேமாவின் மேல் பழியைப் போடுகிறான். ஹேமா முதலில் வாயைத் திறக்க மறுக்கிறாள். கணவனைக் கைது செய்வோம் என்று மிரட்டியதும், ராஜனுக்கும் அம்புஜம் என்ற நடனக்காரிக்கும் இருந்த தொடர்பை வெளியிட்டு அவளைக் காட்டிக் கொடுக்கிறாள். அம்புஜமோ, சின்னையாவின் மகன் ராஜனின் காரில் அடிபட்டு இறந்ததைச் சொல்லி, சின்னையாவின் மேலேயே குற்றத்தைச் சாற்றுகிறாள்.

இந்த அமைப்பை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். புறப்பட்ட ஸ்டேஷனுக்கே வண்டி திரும்பி வந்து நிற்பது தெரியும். சின்னையாவில் தொடங்கிச் சின்னையாவிலேயே வட்டம் முடிகிறது. நால்வர் வாக்குமூலம், நான்கு காரணங்கள்: சொத்து, பேராசை, மோசம் போன காதல், பிள்ளையை இழந்த துயரம். ஒவ்வொன்றும் கேட்கும்போது போதுமான காரணமாகவே தோன்றுகிறது. அடுத்தது வந்ததும் முந்தியது வெளிறிப் போகிறது. வட்டம் மூடிக்கொண்ட அந்த நேரத்தில்தான், வட்டத்துக்கு வெளியே ஒருத்தி இத்தனை நேரமும் அழுதுகொண்டு நின்றாள் என்பது நமக்கு உறைக்கிறது. யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை என்பதால் நாமும் அவளை நினைக்கவில்லை. மர்மத்தை மறைத்துவைக்கத் தகுந்த இடம் இருட்டு மூலை அன்று, எல்லோர் கண்ணுக்கும் எதிரே இருக்கும் கூடம்தான் என்பதை இப்படம் அறிந்திருக்கிறது.

பாத்திரங்களை வரைந்த விதத்தையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். சாட்சி சொல்ல வந்த ஒவ்வொருவரும் ராஜனைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு தம்மைப் பற்றியே சொல்லிவிடுகிறார்கள். ஐயம் தன் பக்கம் திரும்பியதும் தாலி கட்டிய மனைவியையே கைகாட்டுகிறான் பட்டாபி. அந்த மனைவியோ, அவனைக் காப்பாற்றவே வாயைத் திறக்கிறாள். ஓயாமல் பங்கு கேட்டு நச்சரித்தவள் என்று நாம் வெறுத்திருந்த ஹேமா, அந்த ஒரு நொடியில் கணவனைவிட உயர்ந்து நிற்கிறாள். எவரையும் முழுக் கறுப்பாகவோ முழு வெள்ளையாகவோ தீட்டாத இந்த நிதானம், அக்காலத்துப் படங்களில் அரிது.

ராஜனின் நிலையோ இன்னும் விசித்திரமானது. அவனுக்குத் தன் கட்சியைச் சொல்ல வாய் இல்லை; அவன் பிணம். பிறர் நினைவுகளில் மாத்திரமே அவன் நடமாடுகிறான். பங்கு கொடுக்க மறுத்த கடின சித்தமுள்ள அண்ணன், மனைவியை ஏய்த்த கணவன், ஒரு பிள்ளையின் சாவுக்குக் காரணமானவன், இறுதியில் தேசத்தையே விற்றவன் என்று ஒவ்வொரு சுற்றிலும் அவன் நம் மதிப்பில் ஒரு படி இறங்குகிறான். சிவாஜியின் முகத்திலுள்ள கவர்ச்சியோ ஒவ்வொரு சுற்றிலும் நம்மை அவன் பக்கம் இழுக்கிறது. இந்த இழுபறியே படத்தின் உயிர். தன் திறமைக்கு இங்கே மதிப்பில்லை என்ற வடு அவன் நெஞ்சில் இருக்கிறது. அந்த வடு நியாயமானது என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். அதற்கு அவன் தேடிய மருந்தைத்தான் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

மாருதி ராவின் ஒளிப்பதிவு, பாட்டு இல்லாத குறையைத் தீர்த்துவைக்கிறது. பாதி முகம் வெளிச்சத்திலும் பாதி முகம் இருளிலுமாக மனிதர்கள் பேசுகிறார்கள். தாழ்ந்த கோணத்திலிருந்து எடுத்த காட்சிகளில் சாதாரண வீட்டுச் சுவர்களும் அச்சுறுத்துகின்றன. பாட்டு வந்தால் காண்போர் மூச்சுவிட்டுக்கொள்வர். இங்கே அந்த மூச்சு மறுக்கப்படுகிறது. சங்கீதமே மூச்சாக இருந்த ஒருவர், சங்கீதம் எங்கே கூடாது என்பதையும் அறிந்திருந்தார்.

‘ரஷோமா’னைப் பார்த்து எழுந்த கதை என்றாலும், இதை அதன் நகல் என்று கூறுதல் பொருந்தாது. அங்கே ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். எது உண்மை என்பது இறுதிவரை தெளிவாவதில்லை. இங்கே ஒவ்வொருவரும் வெவ்வேறு நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். கடைசியில் உண்மை ஒன்றே என்று நிலைநாட்டப்படுகிறது. இவ்வகையில், 1950-இல் வந்த ‘த உமன் இன் கொஸ்சன்’ என்ற ஆங்கிலப் படத்தோடு இதற்கு உறவு மிகுதி என்பாரும் உளர். எதுவாயினும், கூத்துக்கொட்டகையில் கீசகன் சாவான் என்று தெரிந்தே விடிய விடிய உட்கார்ந்திருந்த பரம்பரை நம்முடையது. முடிவு தெரியாமையால் மட்டும் ஆவல் பிறப்பதில்லை. இவன் இப்படி ஆனது எப்படி என்று அறியும் ஆசையாலும் பிறக்கிறது. அதனாலேயே ‘அந்த நா’ளை இரண்டாம் முறை பார்த்தாலும் சுவை குன்றுவதில்லை.

நிற்க. முடிவு என்ன? கல்லூரி நாள் முதலே தேசபக்தி நிறைந்த உஷா, தன் கணவன் ஜப்பானியருக்கு உளவு சொல்லும் ஒற்றன் என்பதைக் கண்டுகொள்கிறாள். தடுத்துப் பார்க்கிறாள், மன்றாடுகிறாள். இறுதியில் அவள் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து ராஜன் சாகிறான். அவ்வேடத்தைத் தாங்கிய பண்டரிபாய், கையை ஓங்காமல், குரலை உயர்த்தாமல், அந்தக் கொடுமையை நம் நெஞ்சில் இறக்கிவிடுகிறார். கொலையுண்ட கணவனுக்காக நீதி கேட்டு நகரை எரித்த ஒருத்தியைத் தெய்வமாக்கிய நாடு நம்முடையது. நீதிக்காகக் கணவன்மேலேயே துப்பாக்கியை நீட்டிய ஒருத்தியை அந்த நாட்டுக்குக் காட்டினார் பாலசந்தர். ‘கணவனே கண்கண்ட தெய்வம்’ என்ற பெயரில் ஒரு படம் வந்தது அதற்கு மறு ஆண்டில் என்பதை நினைத்தால், இதன் துணிவு விளங்கும். பெற்ற மகனையே ஒரு தாய் சுட்டு வீழ்த்தும் ‘மதர் இந்தியா’ வந்ததும் மூன்றாண்டுகள் கழித்து, 1957-இல்தான்.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். படத்தின் கதை 1943-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அன்றுதான் ஜப்பானிய விமானம் ஒன்று சென்னைக்கு வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டது. சேதம் பெரிதன்று, அச்சமே பெரிது. சென்னைக்கு அந்த அச்சம் புதியதும் அன்று. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானிய ‘எம்டன்’ கப்பல் வந்து குண்டு வீசி எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனதால், ‘எம்டன்’ என்ற சொல்லே நம் பேச்சில் எமகாதகனைக் குறிப்பதாயிற்று. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு போட்டதும் சென்னை கலகலத்தது. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறினர். குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளியேறுமே என்று அஞ்சி, மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். இரவில் விளக்குகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். படத்தில் காணும் இருள் வெறும் அலங்காரம் அன்று. அந்த ஊர் அப்படித்தான் இருந்தது.

அந்த அக்டோபர் மாதத்தை இன்னும் சிறிது விரித்துப் பார்ப்போம். 11-ஆம் தேதி சென்னையில் குண்டு. 17-ஆம் தேதி, சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையின் இரு முனைகளும் காட்டுக்குள் ஒன்றுசேர்ந்தன. ரயில் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதும்போது என் கை தயங்குகிறது. 60,000-க்கு மேற்பட்ட போர்க் கைதிகளும் அவர்களைவிட அதிகமான ஆசியத் தொழிலாளர்களும் அப்பாதையில் அடிமைகளாக உழைத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் அவர்களுள் ஏராளம். பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் பல்லாயிரவர் மடிந்தனர். சயாம் மரண ரயில் என்று அதைத் தமிழர் இன்றும் சொல்கிறார்கள். இருப்புப் பாதை மனிதரை இணைப்பதற்கு உள்ளது என்று நம்பும் எவருக்கும் அது ஒரு சாபமே.

21-ஆம் தேதி சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். அந்த அரசுக்கும் துணை நின்றது அதே ஜப்பான்தான். அந்த மந்திரி சபையில் இடம் பெற்ற ஒரே பெண்மணி, சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். ஜான்சி ராணிப் படையின் தலைவி அவர். அப்படையில் துப்பாக்கி ஏந்திய பெண்களுள் மலாயாத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் பலர்.

ஆகவே ஒரே மாதத்தில், சென்னையோடு தொடர்புடைய இரண்டு பெண்களின் கையில் துப்பாக்கி இருக்கிறது. ஒருத்தி கதையில் வரும் உஷா. ஜப்பானுக்கு உதவியவனை நோக்கி அவள் துப்பாக்கியை நீட்டுகிறாள். மற்றொருவர் வரலாற்றில் வாழ்ந்த கேப்டன் லட்சுமி. ஜப்பானின் உதவியோடு ஆங்கிலேயரை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறார். இருவருக்கும் அதைக் கையில் கொடுத்தது தேசபக்தியே. இந்த முரண்பாட்டை நினைக்குந்தோறும் எனக்குத் தூக்கம் கலைகிறது.

இன்னும் ஒன்று. குண்டு விழுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர், 1943 செப்டம்பர் 10-ஆம் தேதி, அதே சென்னை மத்தியச் சிறையில் நான்கு இளைஞர்கள் தூக்கிலிடப்பட்டனர். வக்கம் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் என்பன அவர்கள் பெயர்கள். காதரும் அவர் தோழர் சிலரும் முந்திய ஆண்டு செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, மலபார்க் கரையில் தானூர்ப் பக்கம் இறங்கி அகப்பட்டவர்கள். நால்வரையும் பகைவனின் ஒற்றர்கள் என்றது அன்றைய அரசு. தியாகிகள் என்று போற்றுகிறோம் நாம். அன்றைய போலீஸ் கோப்பில் படத்து ராஜனும் இவர்களும் ஒரே தலைப்பின்கீழ்த்தான் வந்திருப்பார்கள்.

அப்படியானால் ‘அந்த நாள்’ தவறான பாடத்தைச் சொல்லும் படமா? நான் பல நாள் யோசித்துப் பார்த்தேன். அப்படி அன்று என்றே என் சிற்றறிவுக்குப் படுகிறது. காதரும் அவர் தோழர்களும் தம்மைக் கொடுத்தார்கள், ராஜன் விற்றான். கொடுத்தவர்கள் தமக்கென்று எதையும் கேட்கவில்லை. விற்றவன் தன் திறமைக்கு விலை கேட்டான். உஷா கண்டது அந்த விலையை. மேலும், குண்டு விழுவது கவர்னரின் தலையில் அன்று; துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவன் தலையில். ஆட்சி யாருடையதாக இருந்தாலும் ஊர் நம்முடையது. ஜப்பானியர் வந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சயாம் காட்டில் தமிழர் எலும்புகள் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. ஆகவே கேப்டன் லட்சுமியும் சரி, உஷாவும் சரி என்று ஒரே மூச்சில் சொல்லும் இடத்துக்கு வந்து நிற்கிறேன். தர்க்கப்படி இது முரண். மனப்படி முரண் அன்று.

ஆனால் படத்தின் குறை ஒன்றையும் மறைக்கலாகாது. சுதந்திரம் வந்து ஏழாண்டுகள் கழித்து வெளிவந்த இப்படத்தில், சிவானந்தமும் நாயுடுவும் நம்முடைய போலீஸ் போலவே நமக்குத் தோன்றுகிறார்கள். 1943-இல் அவர்கள் யாருடைய சம்பளம் வாங்கினார்கள் என்பதைக் காண்போர் மறந்துவிடுகிறார்கள். கொட்டகையை விட்டு வெளியே வரும்போது ராஜன் துரோகி என்ற முடிவு இருக்கிறது. காதர் யார் என்ற கேள்வி இல்லை. செங்கோட்டையில் 1945-இல் நடந்த இந்திய தேசிய ராணுவ வழக்கு நாட்டையே கொந்தளிக்க வைத்து ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தக் கேள்வியையும் மெல்லத் தொட்டிருந்தால், படம் இன்னும் ஒரு படி உயர்ந்திருக்கும்.

படம் வெளியான நாளில் வசூலில் பெரிய வெற்றி காணவில்லை. பாட்டில்லாத விருந்தை ரசிகர்கள் எளிதில் ஏற்கவில்லை. ஆயினும் தேசியத் திரைப்பட விருதுகளில், 1954-ஆம் ஆண்டின் தமிழ்ப் படங்களுள் ‘மலைக்கள்ளன்’ வெள்ளிப் பதக்கம் பெற, இரண்டாவது சிறந்த படமாக ‘அந்த நாள்’ தகுதிச் சான்றிதழ் பெற்றது. பாட்டே இல்லாமல் ‘வீடு’ (1988), ‘குருதிப்புனல்’ (1995) போன்ற படங்கள் பின்னர் வந்தபோதெல்லாம், வழிகாட்டியாக ‘அந்த நா’ளின் பெயரே சொல்லப்பட்டது. பாலசந்தர் பிறகு ‘அவனா இவன்’ (1962), ‘பொம்மை’ (1964), ‘நடு இரவில்’ (1970) என்று மர்மப் படங்கள் எடுத்தார். அப்புறம் வீணையே அவரை முழுவதும் எடுத்துக்கொண்டது. 1982-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1990 ஏப்ரலில் அவர் உயிர் நீத்தது சென்னையில் அன்று, பிலாய் நகரில். மத்திய இந்தியாவில் உருக்காலைப் புகை சூழ்ந்த, நம் போன்ற தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் ஊர் அது. கேப்டன் லட்சுமியும் மணமான பின் கான்பூரில் குடியேறி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து, 2012-இல் அங்கேயே கண்ணை மூடினார். பிறந்த ஊரிலிருந்து வெகுதூரம் வந்து வாழ்ந்து முடிவது நமக்கு மட்டும் வாய்த்த விதி அன்று என்று இவற்றை எண்ணும்போது ஓர் ஆறுதல் பிறக்கிறது.

இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘அந்த நா’ளைப் பார்க்கும்படி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பாட்டு எங்கே என்று முதல் கால்மணி நேரம் கேட்பார்கள். பிறகு கேட்க மாட்டார்கள். படம் முடிந்ததும் ராஜன் செய்தது சரியா என்று அவர்களைக் கேளுங்கள். தவறு என்று உடனே சொல்வார்கள். அதன் பின் வக்கம் காதரின் பெயரைச் சொல்லுங்கள். அவர்கள் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்த மௌனத்தை நீங்கள் அவசரப்பட்டுக் கலைத்துவிட வேண்டாம்.